யாதொரு வில்லங்கமும் இல்லை

மேலச்செறுவூர்,
குத்தாலம் வழி.
12-6-1971

மங்களம்,

அப்பா எழுதுவது. இங்கு நலம். உன் அம்மா அகிலாண்டம் முழங்கால் வலி என்று சொல்லிக்கொண்டே எல்லா வேலையும் செய்கிறாள். மேட்டூர் திறந்தாயிற்று என்று ரேடியோவில் சொன்னார்கள். தண்ணீர் நம் வாய்க்கால் தலைப்புக்கு வர இன்னும் பத்து நாளாவது ஆகும்.

இரண்டு விஷயம். வக்கீல் குமாஸ்தா ரெத்தினம் போன வாரம் தஞ்சாவூர் வந்திருந்தார். ஏதோ மண்டபத்தில் நீ மேடையேறி, தலையை விரித்துப் போட்டுக்கொண்டு, ஆர்மோனியத்துக்குக் கரண்ட் கொடுத்த மாதிரி ஒரு பெட்டியை வாசித்துக் கத்தினாயாம். பக்கத்தில் கூத்தாநல்லூர்ப் பையன் ஒருவன் கிதாரோடு நின்றானாம். "ஐயா, தப்பா நெனைக்காதீங்க. நம்ம பாப்பாதானான்னு ரெண்டு தடவ கண்ணத் தொடைச்சுட்டுப் பாத்தேன்" என்று என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். டாக்டராகி வா என்று உன்னை அனுப்பினேன். இதற்காக இல்லை. இத்தோடு நிறுத்து.

அடுத்தது நிலம். இந்தக் கட்சிக்கு ஊர் ஊராகக் கொடி கட்டியவன் நான். ஆட்சிக்கு வந்ததும் என் வயலில்தான் சங்கிலி போட்டு அளக்கிறார்கள். ஒரு குடும்பத்துக்குப் பதினைந்து ஏக்கருக்கு மேல் கூடாதாம். இதெல்லாம் வரும் என்று தெரிந்துதான் முன்பே உன் பெயருக்குப் பன்னிரண்டு ஏக்கர் தானப் பத்திரம் எழுதிப் பதிந்து வைத்தேன். அது உண்மையிலேயே உன் நிலம்தானா என்று விசாரிக்க ஜூலை 9 அன்று மாயவரம் வரச் சொல்லி உனக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது. வந்து ஒரே வார்த்தை சொல்: "நிலம் என்னுடையது." அவ்வளவுதான். பத்திரத்தின் நகல் இதோடு வைத்திருக்கிறேன். படித்து மனத்தில் வைத்துக்கொள்.

அப்பா,
வைரக்கண்ணு


மகளிர் விடுதி,
தஞ்சாவூர்.
20-6-1971

அன்புள்ள அப்பாவுக்கு,

ரெத்தினம் மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தது என்னைத்தான். கத்தவில்லை, பாடினேன். அந்தப் பெட்டிக்குப் பெயர் ஆர்கன். கிதார் வாசிப்பவன் பெயர் மூஸா, என் வகுப்பில் படிக்கிறான். சிங்கப்பூரில் இருக்கும் அவன் அண்ணன் அனுப்பிய கிதார் அது. டிரம்ஸ் வாசிப்பது துரைராசு, பொறியியல் படித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கிறான். நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து வைத்த பெயர் "கடைமடை". தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடத்துக்காரர்கள் நாங்கள், அதனால்.

இந்த இசைக்கு வெளிநாட்டில் சைகடெலிக் என்று பெயர். தமிழில் சொல் இல்லை. கேட்டால் தலை லேசாகச் சுற்றும், கண்ணை மூடினால் நிறம் தெரியும். உடனே கஞ்சா என்று நினைத்துவிடாதீர்கள். எங்களுக்கு வேண்டிய மயக்கம் விடுதிக் காப்பியிலேயே கிடைக்கிறது. போன விடுமுறையில் நம் பம்புசெட்டு ஆயில் எஞ்சின் ஓடுவதை டேப்பில் பிடித்துக்கொண்டு போனேன், ஞாபகமிருக்கிறதா? அதைப் பாதி வேகத்தில் ஓட்டி, அதன் மேல் ஒரு பாட்டு கட்டினோம். தஞ்சாவூரில் எழுந்து நின்று கை தட்டினார்கள்.

சென்னையில் ஒரு கம்பெனி எங்கள் பாட்டுகளை நீண்ட இசைத்தட்டாகப் போட ஒப்புக்கொண்டிருக்கிறது. எட்டுப் பாட்டு, எல்லாம் தமிழில், எல்லாம் நாங்களே எழுதியவை. பெயரை ஆங்கிலத்தில் மாற்றச் சொன்னார்கள். மாட்டோம் என்றோம். ஒலிப்பதிவு ஜூலை 9, 10. எனவே 9-ஆம் தேதி மாயவரம் வர என்னால் முடியாது.

பத்திரத்தை மூன்று முறை படித்தேன். ஒரு வரி இடிக்கிறது. "மேற்படி நிலம் வேறெவர் அனுபோகத்திலும் இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் நடுச்செய் என்கிற வயலில் வீரையன் உழுவதை நான் பாவாடை கட்டிய நாளிலிருந்து பார்க்கிறேன். அவர் யார் அப்பா?

மங்களாம்பிகை


மேலச்செறுவூர்
27-6-1971

மங்களம்,

வீரையன் குத்தகைக்காரன். பத்திரத்தில் அவன் எதற்கு? உனக்குப் புரியாத விஷயத்தில் மூக்கை நுழைக்காதே.

வக்கீலிடம் சொல்லி வாய்தா வாங்கிவிட்டேன். விசாரணை ஜூலை 16-க்குத் தள்ளிப் போயிருக்கிறது. இதற்கு மேல் சாக்கு இல்லை. நீ வராவிட்டால் பன்னிரண்டு ஏக்கரும் சர்க்காருக்குப் போகும். போனால் எனக்கு மகள் ஒருத்தி இருந்தாள் என்பதையே மறந்துவிடுவேன்.

அம்மா கேட்கச் சொன்னாள்: சென்னையில் எங்கே தங்குவாய்? நான் கேட்கவில்லை.

வைரக்கண்ணு


சென்னை
12-7-1971

அன்புள்ள அப்பாவுக்கு,

துரைராசுவின் அத்தை வீட்டில் தங்கியிருக்கிறேன் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

ஒலிப்பதிவு முடிந்தது. நடந்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. நீங்கள் கோபத்தில் இருந்தாலும் உங்களிடம்தான் சொல்ல வருகிறது.

ஒலிப்பதிவாளர் பெயர் இராஜாங்கம். ஐம்பது வயது இருக்கும். இதுவரை நாகஸ்வரமும் பக்திப் பாட்டுமே பதிந்தவர். மூஸா கிதாரை அலற விட்டதும் இருக்கையை விட்டு எழுந்துவிட்டார். "தம்பி, ஒயர் எதுவும் கருகுதா?" என்று கேட்டார். மத்தியானத்துக்குள் அவருக்கே பிடித்துவிட்டது. மொட்டை மாடியில் காலியாக இருந்த தண்ணீர்த் தொட்டிக்குள் ஒலிபெருக்கியை இறக்கி, வாய்ப்பக்கம் மைக்கைக் கட்டி, என் குரலை அதற்குள் அனுப்பி எடுத்தார். கிணற்றுக்குள்ளிருந்து நூறு பேர் பாடுவது போல் வந்தது.

இரண்டாம் நாள் ஏழு பாட்டு முடிந்தது. எட்டாவது பாட்டு சரியாக வரவில்லை. மூஸாவுக்கு அதன் வரிகள் பிடிக்கவில்லை. எனக்கும்தான். கைப்பையில் உங்கள் பத்திர நகல் இருந்தது. எடுத்து ஆர்கன் மேல் வைத்தேன். ஒரே ஒரு சுரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தேன். "வடக்கு வாய்க்காலுக்குத் தெற்கு, ஒற்றைப்பனைக்கு மேற்கு, சாலைக்கு வடக்கு, களத்துமேட்டுக்குக் கிழக்கு, இதன் மத்தியில் உள்ள நஞ்சை..." துரைராசு மெதுவாகச் சேர்ந்துகொண்டான். "புத்திர பௌத்திர பாரம்பரியமாய், சர்வ சுதந்திரமாய், ஆண்டு அனுபவித்துக்கொள்வாயாகவும்..." இந்த இடத்தில் மூஸாவின் கிதார் எழுந்தது பாருங்கள், எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. "யாதொரு வில்லங்கமும் இல்லை" என்பதைத் திரும்பத் திரும்பப் பாடினேன். ஒவ்வொரு தடவையும் டேப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக மெதுவாக்கினார் இராஜாங்கம்.

"வேறெவர் அனுபோகத்திலும் இல்லை" என்ற வரி வந்தபோது நிறுத்தினேன். அதைச் சும்மா பாடிவிட்டுப் போக வாய் வரவில்லை. அடுத்து அந்த நிலத்தில் உழும் ஏழு குடும்பத்தின் பெயரையும் பாடினேன். வீரையன், பொன்னுத்தாய் என்று தொடங்கி, எனக்குத் தெரிந்த எல்லோரையும்.

பதினொரு நிமிஷம். முடிந்ததும் இராஜாங்கம்தான், "ஏம்மா, சொத்துப் பத்திரத்தையா பாடுனீங்க?" என்றார். ஆமாம் என்றேன். "எங்க வீட்டுப் பத்திரத்த ஒரு தடவகூட நான் முழுசாப் படிச்சதில்ல" என்று சொல்லிவிட்டு டேப்பைச் சுற்றி டப்பாவில் போட்டார். தட்டுக்குப் பெயரும் அதுதான்: "யாதொரு வில்லங்கமும் இல்லை."

16-ஆம் தேதி வருகிறேன். நிலம் என்னுடையது என்று சொல்கிறேன். சொல்லச் சொன்னது நீங்கள்தான்.

மங்களம்


மேலச்செறுவூர்
18-7-1971

மங்களம்,

என் மகள் என்று நிரூபித்துவிட்டாய். அந்த அதிகாரி உன்னை எத்தனை குடைந்தான்! "பத்திரத்தில் நான்கெல்லை என்ன?" என்று கேட்டானே, நீ ஒரு தடங்கல் இல்லாமல் ராகம் போட்ட மாதிரிச் சொன்னபோது வக்கீலே வாயைப் பிளந்துவிட்டார். நான் வெளியே வந்து இரண்டு சோடா வாங்கிக் குடித்தேன்.

பாட்டுக் கூத்தையெல்லாம் பிறகு பேசிக்கொள்ளலாம். ஆனால் விசாரணை முடிந்ததும் வீட்டுக்கு வராமல் எங்கே போனாய்? வீரையனோடு பேசிக்கொண்டு நடந்ததை ரெத்தினம் பார்த்திருக்கிறார். அம்மா உனக்காக வாழைப்பூ வடை சுட்டு வைத்திருந்தாள்.

அப்பா


தஞ்சாவூர்
25-7-1971

அன்புள்ள அப்பாவுக்கு,

ரெத்தினம் மாமா சொல்லி நீங்கள் தெரிந்துகொள்வதைவிட நானே சொல்லிவிடுகிறேன்.

குத்தகைக்காரர்களின் பெயரைப் பதிவு செய்யும் சட்டம் வந்து இரண்டு வருஷம் ஆகிறது. பெயர் பதிந்துவிட்டால் அவர்களை நினைத்த நேரத்தில் வெளியேற்ற முடியாது. நம் ஊரில் ஒருத்தர் பெயரும் பதியவில்லை, உங்களுக்குப் பயந்து. நிலத்துக்காரர் சம்மதம் எழுதிக் கொடுத்தால் வேலை சுலபம் என்று தாலுக்கா ஆபீசில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். என் நிலத்துக்கு நிலத்துக்காரி நான்.

வீரையனும் பொன்னுத்தாயும் அன்று மாயவரத்துக்கு உங்களுக்குச் சாட்சி சொல்லத்தானே வந்திருந்தார்கள்? டீக்கடையில் உட்கார வைத்து விஷயத்தைச் சொன்னேன். வீரையன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"வேணாம் பாப்பா. நீங்க படிக்கப் போயிருவீங்க. அப்புறம் ஐயா எங்கள விடுவாரா?"

"ஐயா நிலம் இல்லீங்க. என் நிலம்னு இப்பதான் அதிகாரி முன்னாடி சத்தியம் பண்ணிட்டு வரேன். அப்பாவும் பக்கத்துலதான் நின்னாங்க."

பொன்னுத்தாய்தான் எழுந்தது. "அந்தப் பொண்ணே பயப்படல. உனக்கு மீச எதுக்கு?" என்று கேட்டது. டீக்கடையே சிரித்தது. அடுத்த வாரம் ஏழு பேரும் வந்தார்கள். ஏழு சம்மதக் கடிதத்திலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

கோபம் வரும். வரட்டும். நான் பொய் சொல்லவில்லை. நிலம் என்னுடையது என்று சொல்லச் சொன்னீர்கள், சொன்னேன். அதை மெய்யாகவும் ஆக்கிவிட்டேன்.

மங்களாம்பிகை


மேலச்செறுவூர்
2-8-1971

இனி உனக்கு என்னிடமிருந்து கடிதம் வராது. இதுதான் கடைசி.

நான் சம்பாதித்த நிலம். என் அப்பா சேற்றில் நின்று சேர்த்த நிலம். அதை ஒரு டீக்கடையில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்துவிட்டாய். ஊர் முழுக்க என்னைப் பார்த்துச் சிரிக்கிறது.

நானும் சும்மா இல்லை. எங்கள் குடும்பப் பத்திரத்தைப் பாட்டாக்கி, எங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லி இழிவுபடுத்தியதற்கு உன் கம்பெனிக்கு வக்கீல் நோட்டீஸ் போயிருக்கிறது. அந்தத் தட்டு வெளியே வராது. குறுவை அறுப்புக்கு வெளியூர் ஆளை லாரியில் இறக்கப் போகிறேன். எந்தப் பதிவேடு வந்து தடுக்கிறது என்று பார்க்கிறேன்.

இந்த வீட்டு வாசற்படியை மிதிக்காதே.

வைரக்கண்ணு


தஞ்சாவூர்
30-8-1971

அப்பா,

உங்கள் நோட்டீஸ் வேலை செய்தது. கம்பெனி முதலாளி எங்களைக் கூப்பிட்டனுப்பினார்.

"அந்தப் பதினோரு நிமிஷத்த எடுத்துடுங்கம்மா. அந்த எடத்துல ஏதாவது காதல் பாட்டு ரெண்டு போட்டுக்கலாம். இல்லாட்டி பேரையாவது எடுத்துடுங்க. அந்த வீரையன், பொன்னுத்தாய் எல்லாம் யாரு, யாருக்குத் தெரியப் போகுது?"

மூஸா அதிகம் பேச மாட்டான். அன்று அவன்தான் முதலில் பேசினான். "அவங்களுக்குத் தெரியும்" என்றான். இன்னும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை என்பதால் டேப் எங்களுடையது. இராஜாங்கம் டப்பாக்களைத் தானே சுமந்துவந்து ரிக்ஷாவில் வைத்தார். திரும்பும்போது ரயிலில் துரைராசு டப்பாக்களை மடியில் வைத்துக்கொண்டு தஞ்சாவூர் வரை உட்கார்ந்தே வந்தான். அவனுக்கு அழுகை வந்ததை நாங்கள் பார்க்காதது போல் இருந்துவிட்டோம். இரண்டு வருஷ உழைப்பு, அப்பா. நீங்கள் ஒரு தாளில் நிறுத்திவிட்டீர்கள்.

ஆனால் நின்றுவிடவில்லை. மூஸாவின் அண்ணன் சிங்கப்பூரில் தட்டுப் போடும் இடம் விசாரித்திருக்கிறார். எட்டுப் பாட்டும் போகிறது, பெயர்களோடு.

அறுப்பன்று நான் வருவேன். வாசற்படியை மிதிக்க மாட்டேன். என் வயல் வரப்பில் நிற்பேன்.

மங்களாம்பிகை


தஞ்சாவூர்
29-9-1971

அப்பா,

வெள்ளிக்கிழமை நடந்தது நம் இருவருக்கும் தெரியும். இருந்தாலும் என் பக்கத்தை எழுதி வைக்கிறேன்.

லாரி வந்து களத்துமேட்டில் நின்றது. அரிவாளோடு முப்பது பேர் இறங்கினார்கள். பாவம், எங்கிருந்தோ கூலிக்கு வந்தவர்கள். எங்கள் பக்கம் ஏழு குடும்பமும் வரப்பில் வரிசையாக நின்றது. பொன்னுத்தாய் என் கையைப் பிடித்திருந்தது. நீங்கள் எதிர் வரப்பில் குடையை விரித்தபடி நின்றீர்கள்.

வருவாய் ஆய்வாளர் சைக்கிளை நிறுத்திவிட்டு நடுவில் வந்தார். "யார் நிலம் இது?" என்று உங்களைப் பார்த்துத்தான் கேட்டார்.

நீங்கள் வாயைத் திறக்கவில்லை. என் நிலம் என்று நீங்கள் சொன்னால் தானப் பத்திரம் பொய் என்று ஆகும். பன்னிரண்டு ஏக்கரும் போகும். உங்கள் உதடு அசைந்ததைப் பார்த்தேன் அப்பா. எனக்குச் சந்தோஷமாக இல்லை. பன்னிரண்டு பதிமூன்று வயதில் உங்களோடு சைக்கிளில் இதே வரப்பில் வந்தவள் நான்.

"என் நிலம்" என்று நான்தான் சொன்னேன். "பயிர் இவங்களோடது. பதிவேட்டுல இருக்கு." அவர் நோட்டைப் புரட்டிப் பார்த்தார், தலையசைத்தார். லாரி திரும்பிப் போயிற்று. வீரையன் முதல் அரியை, ஒரு கைப்பிடிக் கதிரை, அறுத்துக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல் கும்பிட்டேன்.

நிமிர்ந்தபோது எதிர் வரப்பில் நீங்கள் இல்லை.

மங்களம்


மேலச்செறுவூர்
21-2-1972

மங்களாம்பிகைக்கு,

எழுத மாட்டேன் என்று சொன்னவன் எழுதுகிறேன். காரணம் இருக்கிறது.

நேற்று வீரையன் மகள் அம்சவல்லிக்குக் கல்யாணம். ரேடியோ செட்டுக்காரன் காலையிலிருந்து சினிமாப் பாட்டு போட்டுக்கொண்டிருந்தான். பதினோரு மணிக்கு மேல் உன் தட்டைப் போட்டான். நாகப்பட்டினத்தில் கப்பலிலிருந்து இறங்கிய கூத்தாநல்லூர்க்காரர்கள் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்திருக்கிறார்களாம். ஒலிபெருக்கிக் குழாயை வேண்டுமென்றே என் வீட்டைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தான்.

முதலில் நம் ஆயில் எஞ்சின் சத்தம் கேட்டது. எஞ்சினை யார் போட்டது என்று திட்டிக்கொண்டே கொல்லைக்குப் போய்விட்டேன். போனால் எஞ்சின் ஓடவில்லை.

பிறகு பத்திரம் வந்தது. அதை எழுத்தருக்கு வரி வரியாகச் சொன்னவன் நான். அப்போது அதில் இத்தனை இருந்ததாக எனக்குத் தெரியாது. அந்த ஏழு பெயர் வரும்போது தெருவே கூச்சல் போட்டது. கிழவி ஒருத்தி தன் பெயரைக் கேட்டதும் நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டாள். உன் அம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். தட்டு முடிந்ததும், "இன்னொரு தடவ போடச் சொல்லு" என்று ஆள் அனுப்பினாள். என்னைக் கேட்கவில்லை.

ஒன்று தெரிந்துகொள். மேற்கு எல்லையைத் தவறாகப் பாடியிருக்கிறாய். அந்த நிலத்துக்கு மேற்கே இருப்பது களத்துமேடு இல்லை, கன்னி வாய்க்கால். நகல் எழுதியவன் தப்பாக எழுதியிருக்கிறான். விசாரணையில் அதிகாரி கையில் இருந்ததும் அதே நகல்தான், அன்று நானும் கவனிக்கவில்லை. ஊர் சிரிக்கும்.

விசாரணை உத்தரவு வந்துவிட்டது. பன்னிரண்டு ஏக்கரும் உனக்கே என்று தீர்ப்பு. நீ செய்ததை நான் ஒப்புக்கொள்ளவில்லை. என் பெயரில் இருக்கிற மிச்சத்தில் எவன் பெயரும் பதிய விடமாட்டேன். உயிர் இருக்கும்வரை எதிர்த்து நிற்பேன்.

பரீட்சை எப்போது?

வைரக்கண்ணு


தஞ்சாவூர்
28-2-1972

அன்புள்ள அப்பாவுக்கு,

பரீட்சை ஏப்ரலில்.

மேற்கு எல்லை தவறு என்று மூஸாவிடம் சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டான். இனி மேடையில் கன்னி வாய்க்கால் என்றே பாடுகிறேன். தட்டில் இருப்பதை ஒன்றும் செய்ய முடியாது.

மிச்ச நிலத்தில் உழுகிறவர்களில் ஐந்து பேர் போன வாரம் விடுதி வாசலுக்கு வந்தார்கள். சம்மதம் இல்லாவிட்டாலும் மனுக் கொடுக்கலாம் என்று சொல்லி எழுதிக் கொடுத்தேன். உங்களுக்கு நோட்டீஸ் வரும். நீங்கள் எதிர்த்து நில்லுங்கள். நான் அவர்கள் பக்கம் நிற்பேன். இதை ஒளித்துச் செய்ய எனக்கு விருப்பமில்லை.

வருகிற சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு நடுச்செய்யில் வாசிக்கிறோம். தாளடி அறுத்து வயல் காய்ந்து கிடக்கிறது. மேடை கிடையாது, வைக்கோல் பரப்பி அதன் மேல் ஜமுக்காளம். வீரையனிடம் அனுமதி வாங்கிவிட்டேன். அவரிடம்தான் கேட்க வேண்டும், உழுகிறவர் அவர். உங்களிடம் கேட்கவில்லை.

அம்மா வருவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். முழங்கால் வலிக்கு நாற்காலி ஒன்று போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன். பொன்னுத்தாய் இரண்டாகப் போடப் போகிறதாம். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

மங்களம்